பின்புலப் படங்களைக் கலைத்துப் போடுவது எப்படி: தாயக்கட்டை வேண்டாம், சீட்டுக்கட்டு போதும்

குற்றாலத்தில் எங்கள் மாமா பத்து அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதி நடத்துகிறார். அதன் வெப்சைட்டை மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் சீசனில் ஒரு ஓசி அறை. முகப்புப் பக்கத்தின் பின்னால் பன்னிரண்டு படங்கள் எட்டு நொடிக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று எட்டு அருவிப் படங்கள், அப்புறம் அறை, மொட்டைமாடி, சாப்பாட்டுக்கூடம் என்று நான்கு. வரிசை எப்போதும் ஒன்றேதான். வருகிறவர்கள் வாடகையைப் பார்த்து, போன் நம்பரைக் குறித்துக்கொண்டு அரை நிமிடத்தில் போய்விடுவார்கள், ஆக நான்காவது படத்தைத் தாண்டி யாரும் பார்த்ததே இல்லை. ஒருநாள் மாமா போன் போட்டார்: "ஏ மாப்ள, எல்லாவனும் மெயின் ஃபால்ஸப் பாத்துட்டுப் போயிருதான். அது கவர்மென்ட் அருவிலா? நம்ம ரூம எப்ப பாப்பான்?"

வரிசையைக் கலைத்துவிட்டால் தீர்ந்தது, அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். ஆறு வாரம் இழுத்தது. வேலை கடினம் என்பதால் இல்லை, ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்து, யாராவது சொன்ன பிறகு திருத்தி, மறுபடி தப்பாகச் செய்ததால். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துவிடலாம். கொஞ்சம் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் தெரிந்து, ஜாவாஸ்கிரிப்டைப் பார்த்துப் பயப்படாதவராக இருந்தால் போதும். கோடிங்கை வரிவரியாக இங்கே ஒட்டவில்லை, என்ன நடக்க வேண்டும் என்பதைத் தமிழில் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் எழுதுவது இருபது வரி வேலை.

1. எந்த மாதிரி "ரேண்டம்" வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான் செய்த முதல் தப்பு இது, மற்ற தப்புகள் பாதிக்கு இதுதான் தாய். ரேண்டம் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் அதில் இரண்டு விதம் இருக்கிறது.

ஒன்று, தாயக்கட்டை உருட்டுவது. ஒவ்வொரு எட்டு நொடிக்கும் பன்னிரண்டில் ஒரு படத்தைப் புதிதாகப் பொறுக்குவது. தாயக்கட்டைக்கு முன்பு என்ன விழுந்தது என்று ஞாபகம் கிடையாது, அதனால் வந்த படமே அடுத்தும் வரலாம். பன்னிரண்டு தடவைக்கு ஒரு தடவை அப்படி வரும் என்பது கணக்கு. பார்ப்பவருக்கு அது ரேண்டமாகத் தெரியாது, படம் நின்றுபோன மாதிரித் தெரியும். அதைவிட மோசம், பன்னிரண்டு படமும் ஒருமுறையாவது தலைகாட்ட சராசரியாக 37 மாற்றம் பிடிக்கும். எட்டு நொடி வீதம் ஐந்து நிமிடம். நான் முதலில் போட்டது இதுதான். மறுநாளே மாமா போன்: "ஐந்தருவி மூணு மட்டம் வந்துட்டு, மொட்டமாடி ஒரு மட்டங்கூட வரல."

இன்னொன்று, சீட்டுக்கட்டைக் கலைப்பது. ரம்மி ஆடும்போது செய்வதுதான். கட்டை ஒருமுறை கலைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பீர்கள். எல்லாச் சீட்டும் ஒருமுறைதான் வரும், எந்த வரிசையில் என்று மட்டும் தெரியாது. கட்டு தீர்ந்ததும் மறுபடி கலைப்பீர்கள். பன்னிரண்டு படமும் 96 நொடிக்குள் வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான். மாமாக்கள் "மாத்தி மாத்தி வரணும்" என்று சொல்லும்போது மனதில் நினைப்பதும் இதைத்தான்.

2. படங்களுக்கான தாளை எடுத்து வையுங்கள்

இதை யாரும் செய்ய மாட்டார்கள், நானும் செய்யவில்லை, ஆனால் கோடிங்கைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நேராக நான்கு விவரம் எழுதிய ஒரு பட்டியல் போதும்: யார் எடுத்தது, எப்போது, எந்த அனுமதியில், படத்தில் யாருடைய முகமாவது தெரிகிறதா.

பணம் கொடுத்து ஆள் வைத்து எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரை முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 அதன் 17ஆம் பிரிவில் சொல்கிறது. இருந்தாலும் "வெப்சைட்டிலும் விளம்பரத்திலும் பயன்படுத்தலாம்" என்று வாட்ஸப்பிலாவது ஒரு வரி எழுதி வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள். விருந்தாளி ஒருவர் எடுத்து அனுப்பிய படத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது அவருடையது, கேட்டுத்தான் போட வேண்டும். விக்கிமீடியா காமன்ஸில் எடுத்த படம் என்றால் பெரும்பாலானவற்றுக்கு எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் போட்டாக வேண்டும். படம் மாறிக்கொண்டே இருக்கும்போது பெயரை எங்கே போடுவது என்று குழம்ப வேண்டாம். "படங்கள்" என்று தனியாக ஒரு பக்கம் வைத்து எல்லாப் பெயரையும் அங்கே எழுதி, முகப்பின் அடியில் இணைப்புக் கொடுத்தேன்.

அருவிப் படங்களில் ஒரு பொறி இருக்கிறது: குளிப்பவர்கள். பழைய குற்றாலத்தில் எடுத்த ஒரு அருமையான படத்தில் தலையில் எண்ணெய் வழிய நான்கு பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். யாரோ எவரோ. அவர்களை ஈரத் துண்டோடு ஒரு விடுதியின் முகப்பில் நிறுத்த நமக்கு என்ன உரிமை? எடுத்துவிட்டேன். பெண்கள் பக்கம், குழந்தைகள் தெரியும் படம் எதுவாக இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், தூக்கிவிடுங்கள்.

3. எடையைக் குறையுங்கள்

இப்போதைய போனில் எடுத்த படம் சாதாரணமாக நான்கைந்து எம்பி இருக்கும். பன்னிரண்டு படம் என்றால் ஐம்பது எம்பியைத் தாண்டும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு புள்ளி சிக்னலில் நின்றுகொண்டு அறை தேடுபவர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

கம்ப்யூட்டருக்கு அகலம் 1920 பிக்ஸல் போதும். போனுக்குத் தனியாக, நெட்டுவாக்கில் வெட்டிய, 1080 அகலத்தில் ஒன்று. இரண்டையும் வெப்பி (webp) ஃபார்மட்டில் சேமியுங்கள். ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு படத்துக்கு 200 கேபி என்று இலக்கு வைத்தேன். அறைச் சுவர் படம் 90 கேபியிலேயே நின்றுவிட்டது. அருவிதான் அடம்பிடித்தது, அந்தச் சாரலும் நுரையும் புள்ளி புள்ளியாக இருப்பதால் சுருங்கவே மாட்டேன் என்கிறது. தரத்தைக் கொஞ்சம் இறக்கினேன். மேலே கறுப்புத் திரை போடப் போகிறோம் (அது பின்னால் வருகிறது), அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

4. பெயரும் பாதையும்

சின்ன விஷயம், ஆனால் ஒரு முழு இரவு போனது. கோப்புப் பெயர்களில் சின்ன எழுத்து ஆங்கிலமும் எண்ணும் இடைக்கோடும் மட்டும் வையுங்கள். என் விண்டோஸ் லேப்டாப்புக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். ஹோஸ்டிங் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு. வீட்டில் பன்னிரண்டும் ஓடியது, ஏற்றிய பிறகு மூன்று படம் வரவில்லை. வரிசை கலைந்திருப்பதால் எந்த மூன்று என்று கண்டுபிடிப்பதும் பாடாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் வெற்றுத் திரை வேறு வேறு இடத்தில் வருகிறது.

இன்னொன்று: சிஎஸ்எஸ் கோப்புக்குள் படத்தின் பாதையை எழுதினால் அது அந்த சிஎஸ்எஸ் இருக்கும் ஃபோல்டரிலிருந்து எண்ணப்படும். ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கொடுத்தால் பக்கத்தின் முகவரியிலிருந்து எண்ணப்படும். பழைய சிஎஸ்எஸ்ஸில் இருந்த பாதையை அப்படியே வெட்டி ஸ்கிரிப்டில் ஒட்டினால் படம் வராது. சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

5. கலைப்பது

இதுதான் நடு மையம், நிதானமாகப் படியுங்கள்.

தேடினால் முதலில் கிடைப்பது ஒரு குறுக்கு வழி. பட்டியலை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குள் ஒரு ரேண்டம் எண்ணைக் கொடுத்து ஏமாற்றுவது. ஒரே வரி, அழகாக இருக்கும், வேலை செய்வது போலவும் இருக்கும். ஆனால் சார்ட் என்பது "இது பெரிதா அது பெரிதா" என்று கேட்டு, வரும் பதிலை நம்பி இயங்கும் யந்திரம். கேட்கும்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னால் அது நியாயமாகக் கலைக்காது, சில படங்கள் பழைய இடத்தை ஒட்டியே நிற்கும், எவ்வளவு ஒட்டும் என்பது பிரவுசருக்குப் பிரவுசர் மாறும். எனக்குப் பேரருவி முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. எதை மாற்ற ஆரம்பித்தேனோ அதுவே.

சரியான முறைக்கு ஃபிஷர்–யேட்ஸ் என்று பெயர். ஐந்து படத்தை வைத்துக் கையால் செய்து பார்ப்போம், ஐந்து துண்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை இது: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, மொட்டைமாடி.

கடைசி இடத்தில் தொடங்குங்கள். ஐந்தாம் இடம். 1 முதல் 5 வரை ஒரு எண் பொறுக்குங்கள், 2 வந்தது என்று வையுங்கள். ஐந்தாம் இடத்தில் இருப்பதையும் இரண்டாம் இடத்தில் இருப்பதையும் இடம் மாற்றுங்கள். இப்போது ஐந்தருவி கடைசிக்குப் போய்விட்டது, இனி அதைத் தொடக் கூடாது. அடுத்து நான்காம் இடம். இப்போது 1 முதல் 4 வரைதான் பொறுக்க வேண்டும், 4 வந்தது, புலியருவி தன் இடத்திலேயே நிற்கிறது. அதுவும் சரிதான், நிற்பதற்கும் அதற்கு உரிமை உண்டு. மூன்றாம் இடம், 1 முதல் 3 வரை, 1 வந்தது, பேரருவியும் பழைய குற்றாலமும் இடம் மாறுகின்றன. இரண்டாம் இடம், 1 அல்லது 2, 1 வந்தது, மாற்றுங்கள். முடிவு: மொட்டைமாடி, பழைய குற்றாலம், பேரருவி, புலியருவி, ஐந்தருவி. அவ்வளவுதான். பின்னாலிருந்து முன்னால் வரும் ஒரே சுற்று.

இதில் மூன்று பொறி, மூன்றிலும் விழுந்தேன்.

எண் பொறுக்கும் எல்லை ஒவ்வொரு அடியிலும் சுருங்க வேண்டும். சுருக்காமல் எல்லா அடியிலும் முழுப் பட்டியலிலிருந்தே பொறுக்கினால் என்ன குடி மூழ்கிவிடும் என்று கேட்கத் தோன்றும். மூன்று படத்தில் பாருங்கள்: மூன்று படத்துக்குச் சாத்தியமான வரிசைகள் 6. சுருக்காத முறையில் மூன்று தடவை மூன்றிலிருந்து பொறுக்குகிறோம், ஆக 27 வழிகள். 27ஐ ஆறு பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது, மூன்று வரிசைக்கு ஐந்து பங்கும் மூன்று வரிசைக்கு நான்கு பங்கும் போகும்.

இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்டில் ரேண்டம் எண் கேட்கும் கட்டளையான மேத்.ரேண்டம் கொடுப்பது 0 முதல் 1க்குள் ஒரு பின்னம், 1 மட்டும் வராது. ஜாவாஸ்கிரிப்ட் இடங்களை 0இலிருந்து எண்ணும். எனவே அந்த எண்ணை, இன்னும் கலையாமல் இருக்கும் படங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, மேத்.ஃப்ளோர் போட்டுக் கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்க வேண்டும். பழக்க தோஷத்தில், பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோகும் மேத்.ரவுண்ட் போட்டால் முதல் இடத்துக்குப் பாதி வாய்ப்புதான் கிடைக்கும், கூடவே எப்போதாவது பட்டியலில் இல்லாத இடம் ஒன்று வந்து திரை வெறுமையாகும். எப்போதாவது மட்டும் வரும் பிழை போல எரிச்சல் உலகத்தில் வேறில்லை.

மூன்றாவது, மூலப் பட்டியலைக் கலைக்காதீர்கள். நகல் எடுத்து நகலைக் கலையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரியாகக் கலைகிறதா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரவுசரின் கன்ஸோலில் (கட்டளை எழுதி ஓட்டிப் பார்க்கும் இடம்) 12,000 தடவை கலைக்கச் சொல்லி, ஒவ்வொரு படமும் எத்தனை தடவை முதலில் வந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு படம் என்றால் ஒவ்வொன்றும் ஆயிரத்தை ஒட்டி வர வேண்டும். அறுபது எழுபது முன்பின் இருந்தால் கவலை இல்லை. ஒன்று 1,800, இன்னொன்று 400 என்று வந்தால் மேலே சொன்ன பொறி ஒன்றில் இருக்கிறீர்கள்.

6. கட்டு முடிந்து கட்டு தொடங்கும் இடம்

பன்னிரண்டும் முடிந்ததும் மறுபடி கலைக்கிறோம். புதிய கட்டின் முதல் படம், பழைய கட்டின் கடைசிப் படமாகவே இருக்கலாம். பன்னிரண்டில் ஒரு தடவை அப்படி ஆகும், அப்போது ஒரே படம் பதினாறு நொடி நிற்கும். தீர்வு எளிது: கலைத்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றாக இருந்தால் புதிய கட்டின் முதல் படத்தை அதே கட்டில் வேறு ஏதாவது ஓர் இடத்தோடு மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மாமா விடவில்லை. "ரூம் படம் நாலும் சேந்தாப்ல வருதே, கலச்சேன்னு சொன்ன?" சரியாகக் கலைத்தாலும் அப்படி வரத்தான் செய்யும், எல்லா வரிசைக்கும் சம வாய்ப்பு என்றால் அந்த வரிசைக்கும் உண்டுதானே. அதை அவரிடம் விளக்கிப் பார்த்துத் தோற்றேன். கடைசியில் இரண்டு கட்டாகப் பிரித்தேன்: அருவி எட்டு, விடுதி நான்கு. இரண்டையும் தனித்தனியே கலைத்து, இரண்டு அருவிக்கு ஒரு விடுதிப் படம் என்று கோத்துவிட்டேன். கணக்குப்படி இது முழு ரேண்டம் இல்லை. ஆனால் அரை நிமிடம் நிற்கும் ஆள் ஒரு அறையையாவது நிச்சயம் பார்ப்பார், நமக்கு வேண்டியது அதுதானே? உங்களிடமும் இப்படி இரண்டு வகைப் படம் இருந்தால் முதலிலேயே பிரித்துவிடுங்கள், ஒரு வாரம் மிச்சம்.

7. முதல் படமும் கேஷும்

முதல் படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை சர்வரில், அதாவது பக்கத்தை அனுப்பும் கம்ப்யூட்டரில், வைக்காதீர்கள். நான் உதவி கேட்ட ஒருவர், சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒவ்வொரு தடவையும் மாறியது. மாமாவுக்கு மாறவே இல்லை, காலையிலிருந்து புலியருவிதான். அவர் போன் கோளாறு என்று இரண்டு நாள் வாதாடினேன். விஷயம் இதுதான்: வேகத்துக்காகப் போட்டிருந்த கேஷ் ப்ளகின், ஒருமுறை உருவான பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே பரிமாறுகிறது. லாகின் செய்திருப்பவருக்கு மட்டும் புதிதாகச் சமைக்கிறது. நான் லாகின் செய்திருந்தேன். எனவே கலைக்கும் வேலையை, பக்கத்தைப் பார்ப்பவரின் பிரவுசரில் வையுங்கள், சோதிப்பதை லாகின் இல்லாத வேறு பிரவுசரில் செய்யுங்கள்.

பிரவுசரில் வைத்தால் வேறொரு சிக்கல். எச்டிஎம்எல்லில் நேராக எழுதிய படத்தை பிரவுசர் உடனே கண்டுபிடித்து இறக்க ஆரம்பிக்கும், ஸ்கிரிப்ட் தேர்ந்தெடுக்கும் படமோ ஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் அதற்குத் தெரியும். பக்கத்தின் பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிந்தால்தான் நல்ல வேகம் என்று கூகுள் கணக்கிடுகிறது. எனவே முதல் படத்தைத் தேர்ந்தெடுக்கும் ஐந்தாறு வரியைத் தனிக் கோப்பில் வைக்காமல், பக்கத்தின் தலைப்பகுதியிலேயே எழுதி, அந்தப் படத்தை உடனே இறக்கச் சொல்லும் ப்ரீலோடு இணைப்பை அதுவே சேர்க்கும்படி செய்தேன். படம் வரும்வரை வெள்ளையாக மின்னாமல் இருக்கப் பின்னால் ஒரு கரும்பச்சை நிறம்.

கலைத்த வரிசையையும் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்பதையும் செஷன்ஸ்டோரேஜில் (டேபை மூடும்வரை பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கும் இடம்) எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் வாடகைப் பக்கத்துக்குப் போய்த் திரும்பியதும் கட்டு புதிதாகக் கலையும், பார்த்த படமே மறுபடி வரும். இடத்தின் எண்ணாக இல்லாமல் படத்தின் பெயராக எழுதுங்கள், படிக்கும்போது மூலப் பட்டியலோடு ஒப்பிட்டு ஏதாவது மாறியிருந்தால் புதிதாகக் கலையுங்கள். நான் ஒரு படத்தை நீக்கிய அன்று, பக்கத்தைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு வெற்றுத் திரை போயிருக்கும்.

8. மாற்றும் விதம்

பின்புலப் படத்தை அப்படியே இன்னொன்றாக மாற்றினால் சட்டென்று குதிக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்து, கீழே அடுத்த படத்தைப் போட்டு, மேல் அடுக்கின் ஒபாசிட்டியை (ஒளி புகாத் தன்மையை) ஒன்றரை நொடியில் கரைய விடுங்கள். அடுத்த படம் முழுதாக இறங்கித் தயாரான பிறகுதான் கரைய வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு படப் பொருளை உருவாக்கி, டிகோட் முடியும்வரை காத்திருந்தால் அது நடக்கும். பன்னிரண்டையும் முதலிலேயே இறக்காதீர்கள், அடுத்தது ஒன்று மட்டும். அது வராவிட்டால் இருக்கும் படமே நிற்கட்டும், பிழை என்றால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகட்டும்.

நேரத்துக்கு, படம் வந்ததா என்று பார்க்காமல் எட்டு நொடிக்கு ஒருமுறை ஓடும் செட்இன்டர்வல் வேண்டாம். ஒரு படம் வந்து நின்ற பிறகு எட்டு நொடி எண்ணும் செட்டைம்அவுட் போடுங்கள், மெதுவான நெட்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. வேறு டேபுக்குப் போனால் எண்ணுவதை நிறுத்திவிடுங்கள், யாரும் பார்க்காத அருவிக்கு எதற்கு டேட்டா.

முழுத் திரைக்கு நீட்டும்போது ஓரங்கள் வெட்டுப்படும். ஒவ்வொரு படத்துக்கும் எந்தப் பக்கம் முக்கியம் என்று பட்டியலிலேயே பெயருக்குப் பக்கத்தில் குறித்து வைத்தேன், மேல், கீழ், இடது, வலது, நடு என்று. இல்லாவிட்டால் போனில் ஐந்தருவி மூன்றருவி ஆகிவிடுகிறது.

9. எழுத்து தெரிய வேண்டும், நிறுத்தவும் முடிய வேண்டும்

வரிசை கலைந்த பிறகு எந்த எழுத்துக்குப் பின்னால் எந்தப் படம் வரும் என்று சொல்ல முடியாது. வெள்ளை எழுத்துக்குப் பின்னால் வெள்ளை நுரை வந்தால் போன் நம்பர் காணாமல் போகும், விடுதிக்காரருக்கு அதைவிட நஷ்டம் வேறில்லை. பாதி ஒளிபுகும் கறுப்புத் திரை ஒன்றை எல்லாப் படத்துக்கும் மேல் விரியுங்கள். இருப்பதிலேயே வெளிச்சமான படத்தை வைத்துச் சோதியுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்பது, வெப்சைட்டை எல்லாராலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான சர்வதேச விதிகளான டபிள்யூசிஏஜி சொல்லும் குறைந்தபட்ச வெளிச்ச வேறுபாடு.

அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் அசைந்துகொண்டிருக்கும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும். மூலையில் ஒரு நிறுத்தப் பொத்தான் வையுங்கள். அசைவு வேண்டாம் என்று போனிலேயே அமைத்து வைத்திருப்பவர்கள் உண்டு, சிலருக்குத் தலை சுற்றும். சிஎஸ்எஸ்ஸில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன் என்று. அவர்களுக்குக் கலைத்த கட்டின் முதல் படம் மட்டும், அசையாமல்.

10. வேர்ட்பிரஸ்காரர்களுக்கு

பழைய வகைத் தீமாக இருந்தால் கஸ்டமைசரில் ஹெடர் இமேஜ் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று படம் ஏற்றியதும் அவற்றை ரேண்டமாகக் காட்டும் பொத்தான் வரும். அது பக்கம் திறக்கும்போது ஒரு படத்தைப் பொறுக்கும், சுழலாது, கேஷ் ப்ளகின் இருந்தால் 7இல் சொன்ன கதைதான். ஸ்லைடர் ப்ளகின்களில் ரேண்டம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், சிலதில் அது தாயக்கட்டை, சிலதில் சீட்டுக்கட்டு. காசு கொடுக்கும் முன் இலவசப் பதிப்பில் நான்கு படம் ஏற்றி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, வந்ததைத் தாளில் எழுதிப் பாருங்கள். நான்கும் வந்து முடிவதற்குள் ஒரு படம் திரும்ப வந்தால் தாயக்கட்டை. வருடா வருடம் கட்டணமா, ஒரே தடவையா என்றும் பாருங்கள்.

11. செலவும் நேரமும்

மென்பொருளுக்கு ஒரு பைசா ஆகவில்லை. அறைகளையும் மொட்டைமாடியையும் மறுபடி எடுக்க ஒருவருக்கு 5,000 ரூபாய் கொடுத்தோம், மொத்தச் செலவே அதுதான். "இதை மட்டும் செய்து கொடுங்கள்" என்று வெளியில் கேட்டபோது ஒருவர் 8,000, இன்னொருவர் 15,000 சொன்னார்கள், இரண்டு பேரிடமும் "கட்டு தீரும்வரை படம் திரும்ப வராதில்லையா?" என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. நீங்கள் ஆள் வைத்துச் செய்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

நேரம்: அனுமதிப் பட்டியல் ஒரு மணி, படங்களை வெட்டிச் சுருக்க இரண்டரை மணி (நம்ப மாட்டீர்கள், அதிக நேரம் இதில்தான்), கோடிங் இரண்டு மணி, சோதனை ஒரு மணி. ஏற்றுவதைச் சீசன் தொடங்கும் முன் செய்யுங்கள். ஜூன் மாதச் சாரலில் போன் ஓயாமல் அடிக்கும்போது வெப்சைட்டில் கை வைப்பது தற்கொலை. ஏற்றியதும் வைஃபையை அணைத்து, சாதாரண போனில், மொபைல் டேட்டாவில், லாகின் இல்லாமல் இரண்டு கட்டு முழுதும் பாருங்கள். நான்கு நிமிடம் கூட ஆகாது.

மூலப் பட்டியலை ஏன் கலைக்காமல் வைக்கச் சொன்னேன் என்றால், ஏப்ரலில் மாமா மறுபடி கூப்பிட்டார். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, நம் முகப்பில் வெள்ளமாகக் கொட்டுகிறது, மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் படத்தைக் காட்டிச் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் எந்த மாதங்களில் காட்டலாம் என்று குறித்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் முதலில் மாதத்தைப் பார்த்து வடிகட்டும், அப்புறம் கலைக்கும். மார்ச் முதல் மே வரை கட்டில் ஏழு படம்தான், அதில் நான்கு விடுதி. மாமாவுக்கு அந்த மாதங்கள்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது.